ஆட்டக் காவலர் பெர்ட் பெல்

அமெரிக்க ஐக்கிய நாட்டினர் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று. அவர்தம் பந்து உருண்டை வடிவினதன்று. இருமுனையும் கூர்த்த முட்டை போன்றது. பெயரிலே கால் இருப்பினும், பந்தைக் கையில் ஏந்தி ஓடுதலும், தோழர்க்கு எறிதலும், ஓடுவோனைப் பாய்ந்து பற்றி வீழ்த்துதலுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் ஆறு புள்ளிகள். இரு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் மூன்று புள்ளிகள். ஆட்ட விதிகள் இன்னும் பல. அவற்றை முற்ற உணர்ந்தவன் யான் அல்லேன். இந்த வரலாற்றை அறிய இவ்வளவே போதும்.

ஊதியம் பெற்று இவ்வாட்டத்தை ஆடும் கழகங்கள் சில 1920-ஆம் ஆண்டில் ஒன்றுகூடின. அக்கூட்டமைப்பு 1922 முதல் நேஷனல் புட்பால் லீக் என்னும் பெயரைப் பூண்டது. இந்நாளில் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் மிகப் பலர் காணும் நிகழ்ச்சி இக்கூட்டமைப்பின் இறுதி ஆட்டமே. ஆனால் தொடக்கத்தில் அதன் நிலை வேறு. பல்கலைக்கழக மாணவர் ஆடும் ஆட்டத்தையே மக்கள் போற்றினர். கூலிக்கு ஆடுவோரை அவர்கள் மதித்திலர். கூலி கொடுப்பவன் கைமாறினால் ஆட்டமும் மாறுமன்றோ என்னும் ஐயம் அவர்தம் உள்ளத்தில் இருந்தது. அந்த ஐயத்தோடு போராடியவர் பெர்ட் பெல் என்பார்.

இவர் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் செல்வக் குடியொன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டி பென்னவில் பெல் என்பது. அந்நெடும் பெயர் அவர்க்கு உவப்பளிக்கவில்லை. பெர்ட் என்றே தம்மை அழைத்துக்கொண்டார். தந்தையார் பென்சில்வேனியா மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞராக விளங்கியவர். உடன்பிறந்தார் 1947-ஆம் ஆண்டில் சில நாட்கள் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்து, பின்னர் மாநில உச்சநீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். இத்தகைய குடும்பத்தில் தோன்றிய பெல்லோ சட்ட நூலை விரும்பினாரிலர், பந்தையே விரும்பினார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அணியை நடத்தும் ஆட்டக்காரராகத் திகழ்ந்தார். இடையில் முதல் உலகப்போர் வந்தது. மருத்துவப் படையொன்றில் சேர்ந்து பிரான்சு சென்றார். போர் முடிந்து திரும்பி மீண்டும் ஆடினார். பட்டம் பெறாமலே 1920-ஆம் ஆண்டில் கல்லூரியை விட்டு நீங்கினார்.

அதன்பின் பத்தாண்டுகள் அவர் வாழ்ந்த வாழ்க்கையை மறைத்துக் கூறுவதாற் பயனில்லை. மாணவர்க்கு ஆட்டம் பயிற்றும் பணி ஒருபுறம் இருந்தது. மறுபுறம் குதிரைப் பந்தயக் களங்களில் பணத்தை வாரி இறைத்தார், பங்குச் சந்தையில் ஈடுபட்டு, 1929-ஆம் ஆண்டின் வீழ்ச்சியில் பெரும்பொருள் இழந்தார், மதுவும் அருந்தினார். பிரான்சிசு அப்டன் என்னும் நாடக நடிகையை மணக்க விரும்பியபோது, அவர் பொருட்டு 1932-ஆம் ஆண்டில் மதுவை விட்டார். விட்டவர் பின்னர் ஒருநாளும் தொட்டிலர். நளனும் தருமனும் சூதாற் கெட்ட கதையை நாம் அறிவோம். சூதின் இயல்பை உள்ளிருந்தே அறிந்த ஒருவர் பிற்காலத்தில் சூதாடிகளிடமிருந்து ஓர் ஆட்டத்தைக் காக்க முற்பட்டார் என்பதே பெல்லின் வரலாற்றில் கருதற்பாலது.

1933-ஆம் ஆண்டில், தம்முடன் பயின்ற லட் ரே என்பவரைத் துணையாகக் கொண்டு, பிலடெல்பியாவில் ஒரு கழகம் நடத்தும் உரிமையை 2,500 டாலர் கட்டணம் செலுத்திப் பெற்றார். அதற்கு வேண்டிய பொருளை உதவியவர் பின்னர் அவர் மனைவியாகிய அப்டன் அம்மையாரே. அந்நாளில் அமெரிக்க அரசு தொழில் மீட்சிக்காக வகுத்த திட்டத்தின் சின்னம் நீலக் கழுகு. அதனையொட்டித் தம் கழகத்திற்கு ஈகிள்ஸ், அஃதாவது கழுகுகள், எனப் பெயரிட்டார். கழுகு உயரப் பறக்கவில்லை. ஆட்டங்களில் தோல்வி மிகுந்தது. இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன. கழகத்தின் தலைவரே தெருவில் நின்று நுழைவுச் சீட்டு விற்றார். மூன்றாண்டுகளில் பெரும் நட்டம் நேர்ந்தது. 1936-ஆம் ஆண்டில் கழகம் ஏலத்திற்கு வந்தபோது, விலை கேட்டவர் பெல் ஒருவரே. 4,500 டாலருக்குத் தாமே அதனை வாங்கிக்கொண்டார். அவ்வாண்டு பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றில்தான் அவர் அணி வென்றது. அதற்குப் பயிற்சியாளரும் அவரே.

தோல்வியின் காரணத்தை அவர் ஆராய்ந்தார். செல்வமும் புகழும் உடைய சிகாகோ, நியூயார்க்கு முதலிய நகரங்களின் கழகங்கள் கல்லூரியை விட்டு வரும் சிறந்த இளைஞரை ஆண்டுதோறும் விலை பேசிக் கவர்ந்துகொண்டன. வலியார் மேலும் வலியராயினர். மெலியார் மேலும் மெலிந்தனர். முடிவு முன்னரே தெரிந்த ஆட்டத்தைக் காணக் காசு கொடுப்பார் யார்? நாடகத்தின் முடிவை ஆசிரியர் எழுதிவைத்திருப்பார். நாம் அதனை அறிந்தும் காண்போம். ஆட்டத்தின் முடிவு எவரும் எழுதிவையாதது. அதனாலன்றோ நாம் அதனைக் காண்கின்றோம்!

எனவே பெல் 1935-ஆம் ஆண்டில் ஒரு முறையை முன்மொழிந்தார். ஆண்டு முடிவில் எக்கழகம் கடைசியிடத்தில் நிற்கின்றதோ, அதுவே புதிய ஆட்டக்காரரை முதலிற் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலிடம் பெற்ற கழகம் இறுதியிலே தேர வேண்டும். இதனால் இழப்பு நேரக்கூடிய பெருங்கழகத்தாரும் கூட்டமைப்பு நிலைபெறுவது கருதி இதற்கு உடன்பட்டனர் என்பது வியப்புக்குரியது. முதல் தேர்வு 1936-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் நடந்தது. கடைசியில் நின்ற ஈகிள்ஸ் கழகத்தாரே முதல் வாய்ப்பைப் பெற்றனர். அவர்கள் தேர்ந்த ஜே பெர்வாங்கர் என்னும் சிகாகோ மாணவர் ஊதியத்திற்காக ஒருபோதும் ஆடாமலே போய்விட்டார். விதியை வகுத்தவர்க்கு அவ்விதியால் முதற்பயன் கிட்டவில்லை. விதி மட்டும் நிலைத்தது. இன்றும் அக்கூட்டமைப்பு அம்முறையையே கைக்கொள்கின்றது.

1939-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22-ஆம் நாள் பெல்லின் ஈகிள்ஸ் அணி புரூக்ளின் நகர்ப்பகுதிக்குச் சென்று ஆடியது. அன்று களத்தின் ஓரத்தில் இரண்டு படக்கருவிகள் நின்றன. ஊதியக் கால்பந்தாட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பெற்றது அதுவே முதன்முறை. அந்நாளில் நியூயார்க்கில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் ஏறத்தாழ ஆயிரமே. களத்துக்கு வந்தவர்களோ பதின்மூவாயிரவர். பெட்டியில் கண்டவரினும் நேரில் கண்டவரே பன்மடங்கு மிகுதி என்பதால், அக்கருவிகளை எவரும் பொருட்படுத்தவில்லை. ஈகிள்ஸ் வழக்கம்போல் தோற்றது.

1946-ஆம் ஆண்டு சனவரியில் கழகத் தலைவர்கள் கூடிப் பெல்லைக் கூட்டமைப்பின் ஆணையராகத் தேர்ந்தனர். அப்போது அவர் பிட்சுபர்க்கு நகரின் ஸ்டீலர்ஸ் கழகத்தில் பங்குடையவராக இருந்தார். அப்பங்கைத் துறந்து பதவியேற்றார். பதவியேற்ற ஆண்டின் முடிவிலேயே பெருஞ்சோதனை வந்தது.

டிசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் நியூயார்க்கில் இறுதி ஆட்டம். சிகாகோவின் பேர்ஸ் அணியும் நியூயார்க்கின் ஜயன்ட்ஸ் அணியும் மோத இருந்தன. பேர்ஸ் பத்துப் புள்ளிகள் கூடுதலாகப் பெற்று வெல்லும் என்று சூதாடிகள் கணித்துப் பந்தயம் கட்டிவந்தனர். ஆல்வின் பாரிசு என்னும் சூதாடி ஜயன்ட்ஸ் அணியின் மெர்ல் ஹேப்ஸ், பிராங்கு பில்சாக் ஆகிய இருவரையும் அணுகி, தத்தம் ஆட்டத்தைத் தளர்த்தினால் ஒவ்வொருவர்க்கும் 2,500 டாலர் தருவதாக ஆசை காட்டினான். அவன் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட காவல்துறையினர் செய்தியை அறிந்தனர். ஆட்டத்திற்கு முன்னாள் மாலையில் நகரத் தந்தை ஓட்வயர் பெல்லை அழைத்து உண்மையை உரைத்தார்.

மாணவர்களே, அவ்விரவில் பெல்லின் நிலையை எண்ணிப் பாருங்கள். நுழைவுச் சீட்டுகள் விற்றாகிவிட்டன. மறுநாள் ஐம்பத்தெண்ணாயிரம் மக்கள் திரள்வர். ஆட்டத்தை நிறுத்தினால் மக்கள் கூட்டமைப்பையே ஐயுறுவர்; ஒன்றும் நிகழாததுபோல் நடத்தினாலோ, உண்மை வெளிப்படும் நாளில் இருந்த மதிப்பும் போகும். இருவரையும் அழைத்து உசாவினர். கையூட்டுத் தருவதாகத் தன்னிடம் பேசியது உண்மையே என்று ஹேப்ஸ் ஒப்புக்கொண்டார். பில்சாக்கோ அவ்வாறு எதுவும் நிகழவில்லை என மறுத்தார். இருவருமே கையூட்டைப் பெற்றிலர். பெறாவிடினும், அணுகியதை உரியவர்க்கு அறிவியாமை குற்றமேயாகும். பெல் ஹேப்சு ஆடக்கூடாதென விலக்கினார். சான்று இன்மையால் பில்சாக்கை ஆட விட்டார்.

பில்சாக் அன்று மூக்கெலும்பு முறிந்தும் களத்தில் நின்று போராடினார். அவர் எறிந்த பந்துகளில் இரண்டு எல்லை கடந்து புள்ளிகள் ஆயின; ஆறு பந்துகளை எதிரணியினர் பற்றிக்கொண்டனர். ஜயன்ட்ஸ் 14 புள்ளிகளும் பேர்ஸ் 24 புள்ளிகளும் பெற்றன. வேறுபாடு சூதாடிகள் கணித்த பத்தே! அந்த ஆறு பந்துகளும் முயற்சியின் தவறோ, வேறு ஏதேனுமோ என்று மக்கள் தமக்குள் கேட்டுக்கொண்டால் அவர்களைக் குறைகூறல் தகுமா? ஓர் ஐயம் எழுந்துவிட்டால் நேர்மையான வீழ்ச்சிக்கும் பொய்யான வீழ்ச்சிக்கும் வேறுபாடு காண இயலாது. அதுவே கையூட்டின் கொடுமை.

சில வாரங்களில் நடந்த வழக்கு மன்றத்தில், தம்மையும் சூதாடி அணுகியதைப் பில்சாக் ஒப்புக்கொண்டார். 1947-ஆம் ஆண்டில் பெல் இருவரையும் கால வரையறையின்றி விலக்கினார். பில்சாக் 1950-இலும், ஹேப்ஸ் 1954-இலும்தான் மீண்டும் ஆட இசைவு பெற்றனர். உண்மையை முதலில் உரைத்த ஹேப்சுக்கு நீண்ட தண்டனையும், மறைத்தவர்க்குக் குறுகிய தண்டனையும் வாய்த்தது முறையாகுமா? எனக்கு அஃது உடன்பாடன்று.

பெல் தண்டித்ததோடு அமைந்திலர். சூதாடினவரையும், கையூட்டுச் செய்தியை மறைத்தவரையும் வாழ்நாள் முழுதும் விலக்கும் அதிகாரத்தைக் கூட்டமைப்பின் சட்டத்தில் எழுதுவித்தார். ஆட்டத்திற்கு முன் எவரெவர் காயமுற்றுள்ளனர் என்பதை ஒவ்வொரு கழகமும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றார். இதன் நுட்பம் அறியத்தக்கது. கழகத்தினுள் ஒருவனைக் கைக்குள் போட்டுக்கொண்டு, தலைசிறந்த ஆட்டக்காரர்க்குக் கால் நோவு என்பதை மறைவாக அறியும் சூதாடி, அச்செய்தியைக் காசாக்குவான். அதனையே ஊரறியச் செய்துவிட்டால் அவன் எதனை விற்பான்? மேலும், எவ்வாட்டத்திற்கு எவர் நடுவர் என்பதைப் பெல் தம்முள் மறைவாக வைத்தே முடிவுசெய்தார். ஆட்டத்தில் கையூட்டுத் தருதலைக் குற்றமாக்கும் சட்டம் இயற்றுமாறு மாநிலங்களை வேண்டினார். ஊதியம் கொடுத்துத் துப்பறிவோரையும் அமர்த்தினார்.

ஆட்ட அட்டவணையை வகுப்பதும் அவர் பணியாக இருந்தது. வீட்டில் உணவு மேசையின்மீது அட்டவணையைப் பரப்பி வைத்துக்கொண்டு, கழகங்களை இங்குமங்கும் மாற்றி மாற்றிப் பொருத்துவார். ஆண்டின் தொடக்கத்தில் மெலியார் மெலியாரோடும் வலியார் வலியாரோடும் மோதுமாறு அமைப்பார். அதனால் ஆண்டின் பிற்பகுதி வரை எந்நகரத்தாரும் நம்பிக்கை இழவாது காத்திருந்தனர்.

இந்நிலையில் தொலைக்காட்சி வளர்ந்து பெருகியது. 1950-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ராம்ஸ் கழகம் தன் ஊரில் ஆடிய ஆட்டங்கள் அனைத்தையும் அவ்வூர்த் தொலைக்காட்சியிலேயே ஒளிபரப்ப இசைந்தது. அந்த அணி அவ்வாண்டு மிக நன்றாக ஆடியது. ஆயினும் முந்தைய ஆண்டில் இரண்டு இலட்சத்துக்கு மேல் வந்த மக்கள், இவ்வாண்டு ஒரு இலட்சத்துப் பதினாயிரவரே வந்தனர். வீட்டிலே விலையின்றிக் காண்பதை வெயிலில் விலை கொடுத்துக் காண்பார் யார்? பெல் விழித்துக்கொண்டார். எந்நகரில் ஆட்டம் நடைபெறுகின்றதோ, அந்நகரையும் அதனைச் சூழ்ந்த 75 மைல் எல்லையையும் நீக்கி, ஏனைய இடங்களில் மட்டும் ஒளிபரப்பலாம் என விதித்தார். மறுவருடம் லாஸ் ஏஞ்சல்சில் கூட்டம் மீண்டும் பெருகியது.

அரசு இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1953-ஆம் ஆண்டில் நீதிபதி ஆலன் கிரிம் தீர்ப்பு வழங்கினார். தன் ஊரில் ஒரு கழகம் ஆடும் நாளில் அவ்வூரில் ஒளிபரப்பைத் தடுத்தல் கழகங்களின் வாழ்வுக்குத் தேவையானது, ஆதலின் முறையானது. கழகம் வெளியூர் சென்றுள்ள நாளில் தடுத்தல் முறையன்று. ஒளிபரப்பில் ஆணையர்க்கு வரம்பற்ற அதிகாரம் இருத்தலும் கூடாது. இதுவே தீர்ப்பின் சாரம். பெல்லுக்குப் பாதி வெற்றியும் பாதி தோல்வியும் கிட்டின.

நுழைவுச் சீட்டு முழுதும் விற்றுத் தீர்ந்தபின்னாவது தடையை நீக்கலாமே என்று பலர் கேட்டனர். பெல் மறுத்தார். விலை பெற்றுச் சீட்டை விற்றுவிட்டு, பின்னர் அதே ஆட்டத்தை விலையின்றிக் காட்டுதல், வாங்கியவனை ஏமாற்றுவதாகும் என்பது அவர் கருத்து. அதில் நேர்மை உண்டு. எனினும் நூறு மைலுக்கு அப்பால் இருப்பவன் காண, ஆட்டக்களத்திற்கு அடுத்த தெருவில் நோயால் கிடப்பவன் காணாமை என்ன நியாயம் என்று கேட்பாரும் இருந்தனர். அவர்க்கு விடை கூறுதல் எளிதன்று. பெல் மறைந்த பின், மூன்று நாட்களுக்கு முன்பே சீட்டுகள் விற்றுத் தீருமாயின் உள்ளூரிலும் ஒளிபரப்ப வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. 2015-ஆம் ஆண்டில் கூட்டமைப்பு அத்தடையையே நிறுத்திவைத்தது.

1956 முதல் சி.பி.எஸ். நிறுவனம் பெரும்பாலான கழகங்களின் ஆட்டங்களைக் காட்டத் தொடங்கியது. எத்துணை வீடுகளில் எந்நிகழ்ச்சியைக் காண்கின்றனர் என்று கணக்கிடும் முறையும் அந்நாட்டில் அப்பொழுது வழக்கிற்கு வந்துவிட்டது. தேர்ந்தெடுத்த சில வீடுகளின் பெட்டிகளோடு ஒரு கருவியைப் பொருத்தி, அதன் குறிப்பைக்கொண்டு நாடு முழுவதையும் மதிப்பிடுவர்; ஒரு சோற்றைப் பதம் பார்ப்பது போன்றது அது. அந்த எண்ணே விளம்பரக் கட்டணத்தை வரையறுத்தது. முன்னர் வாயிலில் நின்று தலை எண்ணிய கழகத்தார், இப்போது கண்ணுக்குத் தெரியாத மக்களையும் எண்ணலாயினர்.

1958-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் நியூயார்க்கு யாங்கி அரங்கில் இறுதி ஆட்டம் நடந்தது. பால்டிமோரின் கோல்ட்ஸ் அணி ஜயன்ட்ஸ் அணியை எதிர்த்தது. ஆட்டம் முடிய ஏழு வினாடிகளே எஞ்சியிருக்கையில், கோல்ட்ஸ் உதைத்த பந்து கம்பங்களிடையே சென்று 17-க்கு 17 எனச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் முதலிற் புள்ளி பெறுவோரே வென்றோர் என்பது விதி. கோல்ட்ஸ் அணியை நடத்திய ஜானி யுனைட்டாஸ் என்பார், மூன்றாண்டுகளுக்கு முன் ஸ்டீலர்ஸ் கழகத்தாரால் வேண்டாமென விலக்கப்பட்டவர். அவர் சிறிதும் பதறாது அணியை எல்லைக்கோட்டருகே கொண்டுசென்றார். அந்நேரத்தில் வடம் அறுந்தாற்போல் நாடெங்கும் தொலைக்காட்சியில் படம் மறைந்தது! நல்லூழாக, யாரோ ஒருவர் களத்தினுள் ஓடிவர, ஆட்டம் சிறிது நின்றது. அதற்குள் பழுதைச் சரிசெய்துவிட்டனர். ஓடிவந்தவர் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஆளே என்று சொல்வாரும் உண்டு. பின்னர் ஆலன் அமீச்சி பந்தை ஏந்தி எல்லையைக் கடந்தார். 23-க்கு 17 என்று கோல்ட்ஸ் வென்றது.

உதைத்து மூன்று புள்ளி பெற்றிருந்தாலும் வெற்றியே. அவ்வாறு செய்யாது ஆறு புள்ளிக்கு முயன்றது பந்தயக் கணக்கு நோக்கியோ என்று சிலர் முணுமுணுத்தனர். அதற்குச் சான்று ஏதும் கிட்டவில்லை. பன்னிரண்டாண்டு உழைத்தும் அம்முணுமுணுப்பைப் பெல்லால் முற்றும் அடக்க முடியவில்லை. ஆயினும் அன்று அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டவர் நாலரைக் கோடி பேர் என்று மதிப்பிட்டனர். 1939-இல் ஆயிரம் பெட்டிகள். 1958-இல் நாலரைக் கோடி மக்கள். நியூயார்க்கு நகரத்தார் மட்டும் பெல்லின் விதிப்படி அதனைத் தொலைக்காட்சியிற் காண இயலவில்லை. வெற்றியின் மகிழ்ச்சியில் பெல் கண்ணீர் விட்டார் என்பர்.

பதவியில் உயர்ந்தும் அவர் ஒரு வழக்கத்தை விட்டிலர். ஆட்டம் காணச் செல்லும்போது, தலைவர்க்குரிய தனியிடத்தை விரும்பாது, தாமே விலை கொடுத்துச் சீட்டு வாங்கி மக்களோடு மக்களாக அமர்வார். 1959-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பிலடெல்பியாவின் பிராங்கிளின் திடலுக்கு அவ்வாறே சென்றார். மாணவப் பருவத்தில் அவர் ஆடிய திடல் அது. அன்று மோதிய அணிகள் ஈகிள்சும் ஸ்டீலர்சும். இரண்டும் ஒருகாலத்தில் அவர்க்கு உரிமையாயிருந்தவை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது நெஞ்சுவலி கண்டு இருக்கையிலேயே சாய்ந்தார். அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர், உயிர் தங்கவில்லை. அப்போது அவர்க்கு வயது 64. களத்தில் ஆட்டம் தொடர்ந்து நடந்தது. 28-க்கு 24 என்ற கணக்கில் ஈகிள்ஸ் வென்றது.